ஒரு 'டிக்' காணும்

எங்கள் வீடுகளில் சாப்பிட வந்தவர் "காணும்" என்று சொன்னால் இன்னும் ஓர் அகப்பை போட வேண்டும் என்று அர்த்தம். போதும் என்பதைத்தான் யாழ்ப்பாணத்தில் காணும் என்கிறோம். ஆனால் முதலாவது காணும் மரியாதைக்குச் சொல்வது. அதைக் கேட்ட உடனே கையை எடுத்துவிட்டால் அந்த வீட்டைப் பற்றி ஊரில் ஒரு கதை எழும்பிவிடும். இரண்டாவது காணும் வரும்போது பரிமாறுகிறவர் கொஞ்சம் யோசிக்கலாம். சாப்பாட்டுக் கோப்பையை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு, உடம்பையும் பின்னுக்கு இழுத்துக்கொண்டு சொல்வதுதான் உண்மையான காணும்.

மிஸி ஒருவர்தான் முதல் தரமே உண்மையாகச் சொன்னவர்.

எங்கள் பக்கத்தில் தாதிமாரை மிஸி என்றுதான் கூப்பிடுவோம். யாழ்ப்பாணத்து ஆஸ்பத்திரியில் நெடுங்காலம் வேலை செய்து இளைப்பாறி, நீர்வேலியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்து வளவில் தனியாக இருந்தார். கலியாணம் செய்யவில்லை. வேதக்காரர். ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னுடைய சின்னக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு தேவாலயத்துக்கு ஆராதனைக்குப் போவார். ஊரில் பாதிப்பேருக்கு ஊசி போட்ட கை அவருடையது. அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்றும் இருந்தது. மரண அறிவித்தலில் அந்தப் பெயரைப் பார்த்தபோது யாரோ என்று நினைத்துத் தாளைத் திருப்பப் பார்த்தேன். அத்தனை வருடம் அயலுக்குள் இருந்த என் இலட்சணம் அது.

நாங்கள் அந்த வீட்டுக்குக் குடிவந்த அன்று மிஸியைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். மனைவி பிட்டு வைத்தாள். "காணும் பிள்ளை" என்றார் மிஸி. மனைவி வழக்கப்படி இன்னொரு குழல் பிட்டைக் கவிழ்த்தாள். மிஸி அவளை நிமிர்ந்து பார்த்தார். பிறகு தனக்கு அளவானதை மட்டும் ஓரமாகப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டு, மிச்சத்தை இன்னொரு கோப்பையால் மூடித் திருப்பிக் கொடுத்தார்.

"இதிலை நான் கை வைக்கேல்லை. பின்னேரம் பிள்ளையளுக்குக் குடும்."

அவர் வாசல் படலை தாண்டியதும் மனைவி என்னிடம் வந்தாள். "என்ரை பிட்டு ருசியில்லையாமோ?"

"உவ ஒரு காஞ்ச மனிசி. விடும்" என்று ஆளை அளந்து முடித்துவிட்டேன். ஒரு கோப்பைப் பிட்டில் ஒரு மனுசியை அளக்கிற கெட்டிக்காரன் நான்.

நான் அவருக்கு நேர் எதிர். கோயிலில் மூன்று தரம் சுற்ற வேண்டிய இடத்தில், எண்ணிக்கை பிழைத்தாலும் என்று நாலு தரம் சுற்றுவேன். அருச்சனைக்கு மனைவி பிள்ளைகள் பெயரோடு நான் ஓட்டுகிற வானின் இலக்கத்தையும் சொல்வேன். "வானுக்கு என்ன நட்சத்திரம்?" என்று ஐயர் ஒருநாள் கேட்டார். பகிடியாகத்தான் கேட்டிருக்க வேண்டும். நான் வீட்டுக்கு ஓடிப்போய், வான் பதிந்த நாளைப் பஞ்சாங்கத்தில் பார்த்து, அடுத்த வெள்ளிக்கிழமை "பூசம்" என்று சொன்னேன். என் வானைப்போல நட்சத்திரம் தெரிந்த வான் இந்தக் குடாநாட்டில் வேறு இருக்காது.

அந்த வான்தான் எங்களுக்குச் சோறு. காலையும் பின்னேரமும் பள்ளிக்கூடப் பிள்ளைகளை யாழ்ப்பாண ரவுணுக்கு ஏற்றி இறக்குவேன். இடையில் ஆஸ்பத்திரி, கோயில், கலியாண வீடு. வான் லீசிங்கில் எடுத்தது. ஓடினால்தான் மாதம் கழியும்.

ரயர் மாற்ற வானின் சில்லைக் கழற்றிப் பூட்டும்போதும் என் கை அருச்சனைக் கைதான். நட்டை இறுக்கி, மேலும் இறுக்கி, கடைசியில் ஸ்பனரின் மேல் ஏறி நின்று ஒரு துள்ளுத் துள்ளுவேன். என்னுடைய நிறையை இங்கே எழுத மாட்டேன். அந்தத் துள்ளலோடு என் மனதுக்கு ஒரு நிம்மதி வரும். பிள்ளைகள் ஏறுகிற வாகனம் அல்லவா?

மிஸி தன் காருக்கு இந்த வேலையைத் தானே செய்தார். சனிக்கிழமைகளில் சேலைத் தலைப்பை இழுத்துச் செருகிக்கொண்டு, குந்தும் பலகையைக் காருக்குப் பக்கத்தில் போட்டு இருந்துவிடுவார். வேலிக்கு இந்தப் பக்கம் எனக்கு 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்கும். கொஞ்சம் பொறுத்து இன்னொரு 'டிக்'. நெடுநாளாக அதைப் பல்லி சொல்கிறது என்று நினைத்திருந்தேன். எந்தத் திக்கில் சொல்கிறது என்று பார்த்துப் பலனும் எடுத்தேன். வான் எடுக்கலாமா விடலாமா என்று தடுமாறிய நாளில் அந்தப் பல்லிதான் நல்ல திக்கில் சொல்லி என்னை லீசிங் கந்தோருக்கு அனுப்பியது.

ஒருநாள் மாங்காய் பிடுங்க ஏறியபோது வேலிக்கு மேலால் பார்த்துவிட்டேன்.

"மிஸி, உதென்ன கையிலை?"

"டோர்க் ரெஞ்ச்."

"அப்பிடியெண்டால்?"

"நட்டுக்கு எவ்வளவு இறுக்கம் வேணுமோ அந்த இலக்கத்தை இதிலை வைக்கவேணும். அவ்வளவு வந்தவுடனை டிக் எண்டும். அதோடை நிப்பாட்டவேணும்."

"நிப்பாட்டாட்டி?"

"நிப்பாட்டவேணும், தம்பி" என்றுவிட்டு அடுத்த நட்டுக்குப் போய்விட்டார். அதற்கு மேல் ஒரு சொல் இல்லை. விளக்கம் கேட்டால் விளக்கமும் மருந்து மாதிரித்தான் வரும். கரண்டியில் வழிய வழிய ஊற்ற மாட்டார்.

எனக்கும் அதில் ஒன்று வேண்டும் என்று ஆசை வந்தது. பிள்ளைகளைப் பெற்றவர்கள் பார்க்க, சில்லுக்குப் பக்கத்தில் இருந்து 'டிக், டிக்' என்று பூட்டினால் ஒரு மதிப்பு. மிஸி மருந்து வாங்க ரவுணுக்குப் போன அன்று அவரையும் ஏற்றிக்கொண்டு வாகன உதிரிப்பாகக் கடைக்குப் போனேன்.

கடைக்காரர் மூன்றை எடுத்து மேசையில் பரப்பினார். மிஸி மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நடுவில் இருந்ததைத் தொட்டார். "உம்மடை வான் புத்தகத்திலை இருக்கிற இலக்கம் இதின்ரை நடுவிலை வருகுது. இது காணும்."

காணும் என்ற சொல் காதில் விழுந்தவுடன் என் கண் பெரியதுக்குப் போய்விட்டது. என் கை நீளம் இருந்தது அது.

"அதை எடுங்கோ அண்ணை" என்று கடைக்காரர் உடனே என் பக்கம் சாய்ந்தார். "லொறிக்கும் பாவிக்கலாம்."

"உம்மட்டை லொறி இருக்கோ?" என்று கேட்டார் மிஸி.

"இப்ப இல்லை. பின்னடிக்கு எடுத்தாலும்..."

"உது லொறியளுக்கு. உம்மடை அளவு அதின்ரை அடிக்கட்டையிலை கிடக்கு. அதிலை சரியாக் காட்டாது. குழந்தைப் பிள்ளைக்குக் குடுக்கிற துளி மருந்தை மாட்டுக்குப் போடுற ஊசியிலை அளப்பமோ?"

கடைக்காரர் சிரித்தார். நானும் சிரித்தேன். பிறகு பெரியதையே வாங்கினேன். வானில் வரும்போது மிஸி அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஒருதரம் சொல்லிவிட்டார், அவர் கணக்கில் அது முடிந்தது.

வீட்டுக்கு வந்ததும் ஆஸ்பத்திரியில் காயத்துக்கு ஒட்டுகிற பிளாஸ்டர் ஒரு துண்டை வெட்டிக் கொண்டுவந்தார். அந்த ரெஞ்சில் ஒரு பக்கம் ஒரு அளவுமுறை, மறுபக்கம் வேறு அளவுமுறை. எனக்கு வேண்டாத பக்கத்தைப் பிளாஸ்டரால் மூடி ஒட்டினார். "பிழையானதைப் பாத்துப் போடுவீர்" என்றார். அவ்வளவு என்னை அறிந்து வைத்திருந்தார். நான் அவரைக் காய்ந்த மனுசி என்று மட்டுமே அறிந்து வைத்திருந்தேன்.

நவராத்திரியில் ஆயுத பூசைக்கு அந்த ரெஞ்சைத்தான் நடுத்தட்டில் வைத்தேன். குறட்டையும் ஸ்பனரையும் பக்கத்தில் சிப்பாய்கள்போல் படுக்க வைத்தேன். இலக்கத்தைக் குறைத்து வைத்தால் அம்பாளுக்கு முன்னால் வறுமையாகத் தெரியும் என்று ஆகக் கடைசி இலக்கம்வரை முறுக்கினேன். திருநீற்றை மூன்று குறியாகப் பூசி, சந்தனம் வைத்து, குங்குமம் வைத்தேன். எல்லாம் வஞ்சகமில்லாமல் வைத்ததில் இலக்கங்கள் மறைந்துபோயின.

அவல் கடலை வாங்க வந்த மிஸி தட்டைக் குனிந்து பார்த்தார்.

"தம்பி, வேலையில்லாத நேரம் உதை இளக்கி வைக்கவேணும். இல்லாட்டி உள்ளுக்கு ஸ்பிரிங் களைச்சுப்போம்."

"பூசையிலை வைச்சதை எப்பிடி மிஸி அசைக்கிறது?"

"சாமிக்கு முன்னாலை முறுக்கிக்கொண்டு நிக்கிறதே?" என்றுவிட்டு, அவலில் இரண்டு விரலால் கொஞ்சம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

மனைவி சிரித்த சிரிப்பு அம்பாளுக்கும் கேட்டிருக்கும். ஆனாலும் பூசை முடிந்து அடுத்த நாள்வரை நான் அதை இளக்கவில்லை.

என் அம்மா மோசம்போன அன்று விடிய முதலில் வந்தவர் மிஸிதான். ஒரு சத்தமில்லாமல் அம்மாவின் கண்ணை மூடி, நாடியைக் கட்டி, கைகால்களை நேராக்கி, முகத்தைத் துடைத்துவிட்டார். என் தோளில் ஒருதரம் கையை வைத்தார். சொந்தக்காரப் பெண்கள் வந்து கட்டிப்பிடித்து அழத் தொடங்குமுன் எழும்பிப் போய்விட்டார். மற்றவர்கள் பொழுதுபடும்வரை இருந்து, வெளிநாட்டுக் கதையெல்லாம் கதைத்துவிட்டுப் போனார்கள். இருந்தவர்களைத்தான் நான் மனதில் பெரிதாக வைத்தேன். செய்ய வேண்டியது முடிந்ததும் நிற்காமல் போன மிஸியை அல்ல.

ரெஞ்ச் வாங்கியும் நான் திருந்தவில்லை என்பதை இனிச் சொல்ல வேண்டும். டிக் என்று அது சொல்லும். அது மரியாதைக்குச் சொல்கிறது என்று என் கை நினைத்துக்கொள்ளும். இன்னொரு இழுவை இழுப்பேன். திரும்பவும் டிக். சரி, கடைசியாகப் பிள்ளையாருக்கு ஒன்று என்று மூன்றாவதும் இழுத்துவிட்டுத்தான் எழும்புவேன். விருந்தாளிக்குப் பிட்டு வைப்பதுபோலவே நட்டுக்கும் இறுக்கம் வைத்தேன். இதற்குள், வெள்ளிக்கிழமைகளில் பிள்ளையார் விளக்கு எண்ணெயைக் கொஞ்சம் கொண்டுவந்து, நட்டுப் பூட்டும் புரிகளில் காவலுக்கு என்று தடவுகிற பழக்கமும் வைத்திருந்தேன். எண்ணெய் பட்டால் நட்டு வழுக்கி, அதே டிக்குக்கு இன்னும் கூட இறுகும் என்று எனக்கு யார் சொன்னது?

ஒரு காலை, வான் நிறையப் பிள்ளைகளோடு கோப்பாய் தாண்டுகிறேன். பின்னால் கடகட என்று ஒரு சத்தம். ரோட்டுத்தான் சரியில்லை என்று தேவாரத்தின் சத்தத்தைக் கூட்டிவிட்டேன். எப்போதும் முன் சீற்றில் இருக்கிற சின்னவள் ஒருத்தி என் கையைச் சுரண்டினாள்.

"அங்கிள், மோட்டச்சைக்கிள்காரர் கத்திக்கொண்டு வாறார். எங்களைத்தான்."

நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பின்சில்லைப் பிடித்திருக்கிற போல்ட்டுகளில் இரண்டு முறிந்து காணாமல் போயிருந்தன. மற்றவை இளகிப்போய்ச் சில்லு சாய்ந்து நின்றது. எல்லாரையும் இறக்கி வேலியோரம் நிறுத்தினேன். பிள்ளைகளுக்கோ பெரிய சந்தோசம். அன்று கணக்குச் சோதனையாம். வேறொரு வான்காரர் அவர்களை ஏற்றிக்கொண்டு போனார். நான் ரோட்டோரத்திலேயே இருந்து பிள்ளையாரைக் கும்பிட்டேன். அந்த நேரம் நாலு சுற்று, மூன்று சுற்று என்ற கணக்கெல்லாம் எனக்குள் இல்லை. "பிள்ளையாரே" என்ற ஒரு சொல்தான் வந்தது.

கராஜில் போல்ட்டைப் பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "அண்ணை, இறுக்கம் கூடிப்போச்சு. இழுபட்டு இழுபட்டு முறிஞ்சிருக்கு."

"இறுக்கினது எப்பிடியடா இளகும்?" என்று நான் அங்கே சண்டை பிடித்ததை அந்தக் கராஜில் இன்றைக்கும் சொல்லிச் சிரிப்பார்கள்.

பின்னேரத்துக்குள் கதை வளர்ந்துவிட்டது. சில்லு கழன்று வாழைத்தோட்டத்துக்குள் ஓடியதாகவும் கேள்வி. இருட்டுமுன் தொலைபேசி அடிக்கத் தொடங்கியது. "அண்ணை, நாளைக்குப் பிள்ளை வராது, லேசாக் காய்ச்சல்." அடுத்தது, "அண்ணை, தம்பிக்கு உடம்பு சுடுது." இப்படியே வந்துகொண்டிருந்தது. மனைவி பயந்துவிட்டாள். "இஞ்சருங்கோ, ஊருக்குள்ளை டெங்கு ஏதும் பரவுதோ?"

"எங்கடை வானாலை பரவின காய்ச்சல்" என்றேன். அவளுக்கு விளங்கியது. அடுப்படிக்குள் போய்விட்டாள்.

அந்த வாரம் வான் முற்றத்தில் நின்றது. பிள்ளைகளின் ஓட்டம் இல்லாவிட்டால் லீசிங்காரர் வானைக் கொண்டுபோவார்கள். அதற்குப் பிறகு நான் என்ன செய்வது? எனக்கு வேறு தொழில் தெரியாது. படிப்பும் பத்தாம் வகுப்போடு நின்றது. வேலியைத் தாண்டி மிஸியிடம் போனேன்.

"மிஸி, உங்கடை சொல்லைத்தான் ஊர் கேக்கும். நான் நல்ல டிரைவர், வானிலே ஒரு பிழையுமில்லை, இனி ஒரு நாளும் இப்பிடி நடவாது எண்டு ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கோ."

மிஸி கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். "பிழை இருந்ததுதானே."

"ஓம், ஆனா..."

"இனி ஒரு நாளும் நடவாது எண்டு எனக்கு எப்பிடித் தெரியும்?"

"மிஸி, உங்கடை அயலெண்டாவது..."

"நீர் நட்டைச் சரியாப் பூட்டும். நான் நிண்டு பாக்கிறன். பாத்ததைச் சொல்லுவன். பாக்காததைச் சொல்லமாட்டன்."

எனக்குக் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. என்ன நெஞ்சு இது என்று நினைத்துக்கொண்டு திரும்பினேன்.

புது போல்ட்டுகள் போட்டு வந்த அன்று மிஸி குந்தும் பலகையோடு வந்து சில்லுக்கு முன்னால் இருந்தார். என் கொழுத்த ரெஞ்சைத் தள்ளி வைத்துவிட்டுத் தன்னுடையதைத் தந்தார். துணியால் புரிகளைத் துடைக்கச் சொன்னார். நான் எண்ணெய்ச் சிமிழை எடுத்தேன்.

"அது பிள்ளையார் எண்ணெயோ?"

"ஓம் மிஸி."

"அப்ப அதைத் தலையிலை வையும். நட்டுக்கு வேண்டாம்."

நட்டுகளை எதிர் எதிராகப் பூட்டிக்கொண்டு வந்தேன். பிடியின் நடுவில் பிடித்து, வெட்டி இழுக்காமல், மெல்ல. டிக். என் கை தன்பாட்டில் இன்னொன்று இழுத்தது. டிக்.

"கழட்டும்" என்றார் மிஸி.

கழற்ற அந்த ரெஞ்சையே கொண்டுபோனேன்.

"உது இறுக்கிறதுக்கு. கழட்ற ஸ்பனரை எடும்."

கழற்றித் திரும்பப் பூட்டினேன். டிக். கை திரும்பவும் இழுக்கப் போனது. "கழட்டும்." அடுத்த தரம் பல்லைக் கடித்துக்கொண்டு நிறுத்தினேன். சோறு கேட்டு வந்தவரை அரை வயிற்றோடு எழுப்பி அனுப்பியதுபோல் கை கூசியது. மிஸி அடுத்த நட்டைக் காட்டினார். அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்த பின் பிள்ளைகளைப் பெற்றவர்களை எங்கள் முற்றத்துக்குக் கூப்பிட்டோம். வந்தார்கள். முன் சீற்றுச் சின்னவளின் தாய், கூட்டுறவுச் சங்கக்கடையில் வேலை செய்கிறவர், வானைத் தொடாமல் ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு வந்து நின்றார். மிஸி ஓரக் கதிரையில் இருந்தார்.

நான் கற்பூரத்தைக் கொளுத்தினேன். வெறும் கையால் அடித்து அணைத்தேன். நல்லூரான் மேல் சத்தியம் செய்தேன். அது காணாது என்று சன்னதியான் மேல் செய்தேன். அம்மாவின் ஆத்துமா மேல் செய்தேன். என் பிள்ளைகளின் தலையில் கை வைக்கக் கூப்பிட்டபோது மூத்தவன் வீட்டுக்குள் ஓடிவிட்டான்.

சங்கக்கடைத் தாய் குறுக்கிட்டார். "அண்ணை, குறை நினையாதேங்கோ. நீங்கள் சத்தியம் செய்யச் செய்ய எனக்குப் பயம் கூடுது."

மற்றவர்களும் தலையை ஆட்டினார்கள். நான் அடுத்த சாமியைத் தேடிக்கொண்டிருந்தேன்.

"தம்பி, காணும்" என்றார் மிஸி. "இரும்."

இருந்தேன்.

மிஸி கதிரையை விட்டு எழும்பவில்லை. "இவர் நட்டை அளவுக்கு மேலை இறுக்கிறவர். அதாலை போல்ட் முறிஞ்சது. புதுசு போட்டிருக்கு. இவர் அளவாப் பூட்டினதை நான் நிண்டு பாத்தனான். கொஞ்சத் தூரம் ஓடின பிறகு திருப்பி ஒருக்காப் பாக்கவேணும். அதையும் நான் பாப்பன்." கொஞ்சம் நிறுத்தினார். "நாளைக்கு எனக்கு ரவுணிலை வேலை இருக்கு. நான் இந்த வானுக்கைதான் போறன்."

"திரும்பி வாறதும் இதிலையோ மிஸி?" என்று கேட்டார் சங்கக்கடைத் தாய்.

"இதிலைதான்."

"எத்தினை நாளைக்கு வேலை?"

"முடியுமட்டும்."

ஒருவரும் சரி என்று சொல்லவில்லை. கோப்பியைக் குடித்துவிட்டுப் போனார்கள்.

திங்கட்கிழமை மிஸி கைப்பையும் குடையுமாக முன் சீற்றில் ஏறினார். பின்னால் மூன்று பிள்ளைகள். ஒவ்வொரு படலையிலும் வான் திரும்பும்வரை தாய்மார் பார்த்துக்கொண்டு நின்றார்கள். மிஸியிடம் இருந்து ஒரு நல்ல வார்த்தை வரும் என்று வழி முழுக்க நான் கண்ணாடியைப் பார்ப்பதும் அவரைப் பார்ப்பதுமாக ஓட்டினேன். "முன்னுக்குப் பாரும்" என்று மட்டும் சொன்னார். பஸ் நிலையத்தில் இறங்கிக்கொண்டார்.

பின்னேரம் அதே இடத்தில் ஏறினார். வீட்டுக்கு வந்ததும் நட்டுகளைத் திரும்பப் பார்த்தோம். ஒன்றுகூட அசையவில்லை, தொட்டவுடன் டிக் என்றன.

அடுத்த நாள் காலை, பிள்ளைகளை இறக்கிய பின் ஒரு ஆஸ்பத்திரி ஓட்டம் கிடைத்தது. பஸ் நிலையத்தால் வந்தபோது மிஸியைக் கண்டேன். பயணிகள் குந்தியிருக்கிற நீள வாங்கில், கால் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வெயிலுக்குக் குடையை விரித்துக்கொண்டு இருந்தார். மடியில் மத்தியானச் சாப்பாட்டுக்குக் கடதாசியில் சுற்றிய ஒரு பணிஸ். கொண்டக்டர்மார் கூவுகிற அந்தச் சத்தத்துக்குள் அவர் கண்ணை மூடிக்கொண்டிருந்தார்.

வானை ஓரம் விட்டு இறங்கி ஓடினேன்.

"மிஸி, வேலை முடிஞ்சுதோ?"

"இல்லை."

"என்ன வேலை எண்டு சொல்லுங்கோ, நான் கூட்டிக்கொண்டு போறன்."

"நீர் உம்மடை ஹயரைப் பாரும்."

"வெயிலுக்கை ஏன் இருக்கிறியள்? வாங்கோ, இப்ப வீட்டிலை விட்டுட்டுப் பின்னேரம் நான் தனியப் போய்ப் பிள்ளையளை ஏத்துறன்."

மிஸி கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். வீடு குடிவந்த அன்று என் மனைவியைப் பார்த்த அதே பார்வை.

"பின்னேரம் வான் திரும்பி வரேக்கை தாய்மார் படலையிலை நிப்பினம். முன் சீற்றிலை ஆள் இல்லாட்டி என்ன நினைப்பினம்?"

ரவுணில் அவருக்கு ஒரு வேலையும் இல்லை என்பது அப்போதுதான் எனக்கு விளங்கியது. செத்த வீட்டிலேயே ஒரு நிமிடம் கூடுதலாக இருக்காத மனுசி, காலையில் இருந்து பின்னேரம்வரை, கால் வீங்க, அந்த வாங்கில் இருந்தார். என்னைப் பற்றி ஒரு சொல் கூட்டிச் சொல்லமாட்டேன் என்றவர்.

நான் அங்கேயே அழத் தொடங்கினேன். "மிஸி, உங்களுக்கு நான் என்னெண்டு..."

"சனம் பாக்குது" என்றார். "போம்."

வீட்டுக்கு வந்து மனைவியிடம் சொன்னேன். அடுத்த காலையில் அவருடைய அளவுக்குச் சாப்பாடு கட்டிய பெட்டி ஒன்றைக் கொண்டுவந்து வானுக்குள் மிஸியின் மடியில் வைத்தாள். பின்னேரம் பெட்டி வெறுமையாக வந்தது. ஒரு பருக்கை மிஞ்சவில்லை, ஒரு பருக்கை குறையவும் இல்லை என்று அவள் சொன்னாள். அதைக் கழுவப் போடாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தாள்.

ஊர்க் காய்ச்சல் ஒவ்வொன்றாகக் குறைந்தது. இன்றைக்கு ஒரு பிள்ளை, இரண்டு நாள் கழித்து இன்னொன்று. ஒவ்வொரு பிள்ளை ஏறும்போதும் மிஸி முகத்தைத் திருப்பாமல் ரோட்டையே பார்த்துக்கொண்டு இருப்பார். கடைசியில் பின் சீற்றெல்லாம் நிரம்பிவிட்டது. சங்கக்கடைத் தாயின் சின்னவள் மட்டும்தான் மிச்சம். ஒரு பின்னேரம் அந்தத் தாய் ரோட்டில் வானை மறித்தார். என்னைப் பார்க்கவில்லை; மிஸியைத்தான் பார்த்தார்.

"மிஸி, நாளைக்குப் பிள்ளையை விடுறன்."

"சரி பிள்ளை" என்றார் மிஸி.

மறுநாள் காலை மிஸியின் படலையில் நிறுத்தி ஹோர்ன் அடித்தேன். வரவில்லை. திரும்ப அடித்தேன். வீட்டுச் சேலையோடு, கையில் தண்ணீர்ப் பூவாளியோடு, வாழைக்குப் பக்கத்தில் இருந்து எட்டிப் பார்த்தார்.

"மிஸி, நேரமாகுது!"

"அவள் எங்கை இருக்கிறது? அது அவளின்ரை இடம்."

"நெருக்கி இருக்கலாம் மிஸி. இண்டைக்கு ஒருநாள்..."

"பள்ளிக்கூடத்துக்கு மணி அடிச்சிடும். போம், தம்பி."

திரும்பி வாழைக்குத் தண்ணீர் விடத் தொடங்கினார். நான் வானை எடுத்தேன். சந்தியில் சின்னவள் பையோடு நின்றாள். தாய் அவளை முன் சீற்றில் ஏற்றி, கதவைச் சாத்தி, ஒருதரம் இழுத்துப் பார்த்தார். கொஞ்சத் தூரம் போய்க் கண்ணாடியில் பார்த்தேன். அவர் எங்களைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. சைக்கிளில் ஏறிச் சங்கக்கடைப் பக்கம் திரும்பிக்கொண்டிருந்தார்.

சின்னவள் சீற்றில் நன்றாகச் சாய்ந்து கொண்டாள்.

"அங்கிள், இண்டைக்கு மிஸி வரேல்லையோ?"

"இல்லைப் பிள்ளை. ரவுணிலை அவவுக்கு இருந்த வேலை முடிஞ்சுது."